அல்சிண்டரையும் மெக்லீனையும் ஒரே தராசில் வைக்கலாமா?

ஏப்ரல் தொடக்கத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, கோலாலம்பூரில் காலை ஒன்பது மணி வாக்கில் அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தின் இறுதி ஆட்டம் தொடங்கும். அங்கே அது திங்கள் இரவு. நம்மவர்களில் அதைப் பார்ப்பவர்கள் குறைவுதான். பந்து என்றாலே நமக்குக் காற்பந்து. கூடைப்பந்து என்றால் சீனப்பள்ளித் திடல்களும், ஜாலான் ஹங் ஜெபாட்டில் இருக்கும் மாபா அரங்கமும்தான் நினைவுக்கு வரும். ஆனாலும் பிரிக்பீல்ட்ஸ் பக்கம் ஏதாவது ஒரு மாமாக் கடையில் தே தாரிக்கை ஆறவிட்டுக் கைப்பேசியில் ஆட்டம் பார்க்கும் ஒரு சிறு கூட்டம் இருக்கத்தான் செய்கிறது. ஆட்டம் முடிந்ததும் பேச்சு ஒரு கேள்வியில் வந்து நிற்கும்: ஒரு பல்கலைக்கழகத்துக்கு ஆடியவர்களிலேயே பெரிய ஆள் யார்?

இந்தக் கேள்விக்கு எப்படி விடை தேடுவது என்பதைக் கூடைப்பந்து அவ்வளவாகத் தெரியாதவர்களுக்கும் புரியும்படி சொல்லிப் பார்க்கிறேன். எடுத்துக்காட்டுக்கு ஒரே ஓர் அணி போதும். லாஸ் ஏஞ்சலஸில் இருக்கும் கலிபோர்னியா பல்கலைக்கழகம், அதாவது யூசிஎல்ஏ. ஆண்கள் பிரிவில் 11 முறை தேசிய வெற்றியாளர். அதில் 10 பட்டங்கள் ஜான் வுடன் என்ற ஒரே பயிற்றுநரின் கீழ், 1964 முதல் 1975 வரையிலான 12 ஆண்டுகளில் வந்தவை. நம் ஊரில் பல்கலைக்கழகக் கூடைப்பந்து ஆட்டத்துக்கு ஆட்டக்காரர்களின் அறைத்தோழர்கள் வந்தாலே நல்ல கூட்டம். அங்கே கதை வேறு. 1968-இல் இதே யூசிஎல்ஏ ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தோடு மோதிய ஒரு சாதாரணப் பருவ ஆட்டத்துக்கே 52,693 பேர் வந்தார்கள்.

கல்லூரி விளையாட்டில் முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய சங்கதி, அங்கே யாரும் நிரந்தரம் இல்லை என்பது. தொழில்முறை ஆட்டக்காரர் இருபது வருடம்கூட ஆடலாம். கல்லூரி மாணவருக்கு வழக்கமாக நான்கு பருவம்தான், அப்புறம் கிளம்ப வேண்டியதுதான். வாதம் சிக்கலாவதும் இங்கேதான். ஏனென்றால் அந்த நான்கு எல்லாக் காலத்திலும் நான்காக இருக்கவில்லை.

"அண்ணே, கணக்கைப் பாருங்க. மொத்தப் புள்ளியில டான் மெக்லீன்தான் முதல் இடம்," என்பான் இருபது வயதுப் பையன், கைப்பேசியை நீட்டிக்கொண்டே.

"அல்சிண்டர் எத்தனை வருசம் ஆடினாருன்னும் அதே போன்ல பாரு தம்பி," என்பார் எதிரே இருப்பவர்.

இரண்டு பேர் சொல்வதும் உண்மை. மெக்லீன் 1988 முதல் 1992 வரை நான்கு பருவம் ஆடி 2,608 புள்ளிகள் எடுத்தார். யூசிஎல்ஏ வரலாற்றிலேயே அதிகம். லூ அல்சிண்டர் எடுத்தது 2,325. பிற்பாடு கரீம் அப்துல்-ஜப்பார் என்று உலகமே அறிந்தவர் இவர்தான். ஆனால் அல்சிண்டர் ஆடியது மூன்றே பருவம், 88 ஆட்டங்கள். மெக்லீன் ஆடியது 127. வகுத்துப் பார்த்தால் அல்சிண்டருக்கு ஆட்டத்துக்கு 26.4, மெக்லீனுக்கு 20.5.

அல்சிண்டர் ஏன் மூன்று பருவம் மட்டும் ஆடினார்? காயமில்லை, படிப்பில் பின்தங்கவுமில்லை. அந்தக் காலத்தில் முதலாண்டு மாணவர்கள் பல்கலைக்கழகத்தின் முதன்மை அணியில் ஆடக்கூடாது என்பது விதி. 1972–73 பருவத்தில்தான் அது நீங்கியது. அதனால் 1965-இல் வந்து சேர்ந்த அல்சிண்டர், முதல் வருடம் முழுவதும் முதலாண்டு மாணவர் அணியில்தான் ஆடினார். அந்த நவம்பரில் புதிய பாலி பெவிலியன் அரங்கத்தைத் திறந்தபோது முதலாண்டு அணியையும் முதன்மை அணியையும் மோதவிட்டார்கள். முதன்மை அணி, முந்தைய இரண்டு ஆண்டும் நாட்டின் வெற்றியாளர் பட்டம் வென்ற அணி. முடிவு 75–60, பையன்கள் பக்கம்! அல்சிண்டர் மட்டும் 31 புள்ளிகள். இதில் ஒரு புள்ளிகூட அவருடைய 2,325-இல் சேரவில்லை. அதிகாரப்பூர்வக் கணக்கில் அந்த ஆண்டே இல்லை.

ஆக, மொத்தப் புள்ளி திறமையோடு இருந்த காலத்தையும் சேர்த்துத்தான் அளக்கிறது. இதற்கு இன்னும் பளிச்சென்ற சான்று வேறோர் அணியில் இருக்கிறது. லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தின் பீட் மாரவிச் 1967–70 காலத்தில் மூன்று பருவங்களில், 83 ஆட்டங்களில் 3,667 புள்ளிகள் எடுத்தார். 2023-இல் டெட்ராய்ட் மெர்சி பல்கலைக்கழகத்தின் அன்ட்வான் டேவிஸ் அந்தச் சாதனையை எட்டிப்பிடிக்கும் தூரத்துக்கு வந்து 3,664-இல் நின்றுவிட்டார். மூன்று புள்ளி குறைவு. ஆனால் டேவிஸ் ஆடியது ஐந்து பருவம், 144 ஆட்டங்கள். கோவிட் காலப் பருவத்தைக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்று எல்லாருக்கும் ஓர் ஆண்டு கூடுதலாகக் கிடைத்திருந்தது. அதோடு டேவிஸுக்கு மூன்று புள்ளிக் கோடு இருந்தது, மாரவிச்சுக்கு இல்லை. அந்தக் கோட்டுக்கு வெளியிலிருந்து போட்டால் இரண்டுக்குப் பதில் மூன்று புள்ளி. இதனால் டேவிஸ் சாதாரண ஆள் ஆகிவிட மாட்டார். இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுவதால் மட்டும் ஒப்பீடு முடிந்துவிடாது, அவ்வளவுதான்.

எதிர்த்திசையிலும் இதே கோளாறு உண்டு. 2005-இல் அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்பிஏ 19 வயது வரம்பு கொண்டுவந்த பிறகு, திறமை மிக்க பையன்கள் பலர் ஒரே ஒரு பருவம் கல்லூரியில் தலைகாட்டிவிட்டுப் போய்விட ஆரம்பித்தார்கள். கெவின் லவ் 2007–08-இல் யூசிஎல்ஏவுக்கு ஆடினார்: ஆட்டத்துக்கு 17.5 புள்ளி, 10.6 ரீபவுண்ட் (கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பது), தேசியப் போட்டியின் கடைசி நான்கு அணிகளுக்குள் இடம். அடுத்த வருடம் என்பிஏ. மொத்தப் புள்ளிப் பட்டியலில் அவரைத் தேடவே வேண்டாம், கிடைக்க மாட்டார். அல்சிண்டர் காலத்திலோ, உயர்நிலைப்பள்ளி முடித்து நான்கு வருடம் ஆகாதவரை என்பிஏ கதவு திறக்காது. விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் கல்லூரியில்தான் இருந்தாக வேண்டும்.

சரி, மொத்தத்தை விட்டுவிட்டுச் சராசரியை எடுத்துக்கொள்வோம். பிரச்சினை தீர்ந்ததா? பாதிதான்.

சராசரிக்குள் ஒளிந்திருப்பது ஆட்டத்தின் வேகம். ஓர் ஆட்டத்தில் ஒவ்வோர் அணியின் கைக்கும் பந்து எத்தனை முறை வருகிறது? 80 முறை வந்தால் புள்ளி எடுக்க 80 வாய்ப்பு, 60 முறை வந்தால் 60 வாய்ப்பு. திறமை மாறாமலே எண் மாறிவிடும். இதைச் சரிசெய்ய எளிய வழி, ஆட்டக்காரரின் புள்ளியை அவருடைய அணியின் புள்ளியில் எத்தனை பங்கு என்று பார்ப்பது. கற்பனையாக ஒரு கணக்கு: முத்து ஆடும் அணி ஆட்டத்துக்கு 78 புள்ளி எடுக்கிறது, அதில் முத்து 26. குமார் ஆடும் அணி 66 எடுக்கிறது, அதில் குமார் 22. மேலோட்டமாகப் பார்த்தால் முத்து நான்கு புள்ளி கூட. உண்மையில் இரண்டு பேரும் தங்கள் அணியின் சுமையில் சரியாக மூன்றில் ஒரு பங்கைச் சுமக்கிறார்கள்.

இந்த இடத்தில் பலரும் தடுக்கி விழுவார்கள். "பழைய காலத்தில் ஷாட் கிளாக் இல்லை, அதனால் ஆட்டம் மெதுவாக இருந்திருக்கும்" என்று ஒரு நினைப்பு. ஷாட் கிளாக் என்பது, பந்து கைக்கு வந்தபின் இத்தனை வினாடிக்குள் கூடையை நோக்கி எறிந்தாக வேண்டும் என்ற கெடு. கல்லூரி ஆண்கள் ஆட்டத்துக்கு அது தேசிய அளவில் 1985–86-இல்தான் வந்தது, முதலில் 45 வினாடி, 1993–94-இல் 35, 2015–16-இல் 30. அதற்கு முன் ஓர் அணி நினைத்தால் பந்தை வைத்துக்கொண்டு நிமிடக்கணக்கில் போக்குக் காட்டலாம். காட்டியும் இருக்கிறார்கள்: 1969 மார்ச்சில் தென் கலிபோர்னியா பல்கலைக்கழகம் பந்தை இறுகப் பிடித்து வைத்துக்கொண்டே அல்சிண்டர் ஆடிய யூசிஎல்ஏவை 46–44 என்று கவிழ்த்தது. ஆனால் பொதுவாக அந்தக் காலம் மெதுவான காலம் அல்ல. 1970களின் தொடக்கத்தில் கல்லூரி அணிகள் சராசரியாக 77 புள்ளிக்கு அருகில் எடுத்தன. 1981–82-க்குள் அது 68 வாக்கில் இறங்கிவிட்டது. ஆட்டம் மந்தமாகிப்போனதால்தான் கடிகாரமே வந்தது. வேடிக்கை என்னவென்றால், 35 வினாடிக் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்த 2012–13-இலும் சராசரி மறுபடி அதே 68 பக்கம் வந்துவிட்டது. அதனால் காலத்தைப் பழையது, புதியது என்று இரண்டாகப் பிளக்காமல், அந்தந்த ஆண்டின் சராசரியைத் தனியாக எடுத்துப் பார்ப்பதே உத்தமம்.

விதி ஒருவரின் எண்ணுக்குள் எப்படிப் புகுந்து வேலை செய்கிறது என்பதற்கு ரெஜி மில்லர் நல்ல பாடம். 1983 முதல் 1987 வரை யூசிஎல்ஏவில் ஆடியவர், பிற்பாடு என்பிஏவில் தூரத்து வீச்சுக்குப் பேர்போனவர். மூன்று புள்ளிக் கோடு தேசிய அளவில் வந்தது 1986–87-இல், அதாவது மில்லரின் கடைசிப் பருவத்தில். அந்த ஒரே பருவத்தில் 157 முறை கோட்டுக்கு வெளியிலிருந்து எறிந்து 69-ஐக் கூடைக்குள் போட்டார். முந்தைய பருவத்தில் அவருடைய சராசரி 25.9. அத்தனைக்கும் தூரத்திலிருந்து போட்டால் கூடுதலாக ஒரு புள்ளி என்ற சலுகை இல்லாமலே. அப்புறம் அந்தக் கோடும் ஒரே இடத்தில் இருக்கவில்லை. 2008–09-இல் ஓர் அடி பின்னால் போனது, 2019–20-இல் பன்னாட்டு அளவுக்கு இன்னும் தள்ளிப் போனது. இன்றைய பையனின் மூன்று புள்ளி விழுக்காட்டை மில்லருடையதோடு நேராக வைத்தால், இரண்டு பேரும் வேறு வேறு தூரத்திலிருந்து எறிந்தவர்கள் என்பதை மறந்தவர்கள் ஆவோம்.

எண்ணிக்கையே இல்லாத இடங்களும் உண்டு. எனக்கு இதுதான் ஆறாத ஆதங்கம். எதிரி எறியும் பந்தைத் தட்டிவிடுவதையும் பந்தைப் பறிப்பதையும், கல்லூரி விளையாட்டை நடத்தும் அமைப்பான என்சிஏஏ அதிகாரப்பூர்வமாகக் கணக்கெடுக்க ஆரம்பித்தது 1985–86-இல்தான். 218 சென்டிமீட்டர் உயரத்தில் அல்சிண்டர் வளையத்தின் கீழே நின்று எத்தனை பந்தைத் தட்டியிருப்பார்? அவர் நிற்கிறார் என்பதாலேயே உள்ளே வராமல் திரும்பிப் போனவர்கள் எத்தனை பேர்? முதல் கேள்விக்கே தேசியப் பதிவேட்டில் விடை இல்லை, இரண்டாவதற்கு எந்தக் காலத்திலும் இருக்கப்போவதில்லை. நவீனப் புள்ளிவிவரத் தளங்கள் எல்லாவற்றையும் ஒரே எண்ணாகச் சுருக்கித் தருகின்றன. நல்ல கருவிதான். ஆனால் தட்டியது, பறித்தது, பந்தை இழந்தது எல்லாம் தெரிந்தால்தான் அந்தச் சூத்திரம் முழுசாக வேலை செய்யும். 1967-க்கு அதைக் கொண்டுபோய் மாட்டினால் பாதி எண் காலியாக இருக்கும்.

ஓட்டப்பந்தயத்தில் இந்தத் தொல்லை இல்லையே, கடிகாரம் இருக்கிறதே என்று தோன்றலாம். டாக்டர் எம். ஜெகதீசன் 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் 200 மீட்டரை 20.92 வினாடியில் ஓடினார். அந்தத் தேசியச் சாதனை 2017 வரை நின்றது. கைருல் ஹபிஸ் ஜன்தான் 20.90 ஓடி முறியடித்தார். வித்தியாசம் ஒரு வினாடியில் நூறில் இரண்டு பங்கு. மெக்சிகோ நகரம் கடல் மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்று மெல்லிசு, குறுந்தூர ஓட்டத்துக்கு அது உதவி. இன்னொரு பக்கம், ஜெகதீசன் மருத்துவம் படித்துக்கொண்டே ஓடியவர். இன்றைய பயிற்சி வசதிகள் அன்று கனவு. இப்போது இவர்களில் பெரியவர் யார் என்று கடிகாரம் சொல்லட்டும், பார்ப்போம். நேரத்தை நேராக அளக்கும் விளையாட்டிலேயே இந்தப் பாடு என்றால், எதிரே ஒருவன் நின்று தடுக்கும் விளையாட்டில் கேட்கவே வேண்டாம். அதனால் என் கட்சி இதுதான்: எவரையும் இன்னொரு காலத்து ஆளோடு நேராக மோதவிடாதீர்கள். அவரவர் காலத்துக் கூட்டத்திலிருந்து எவ்வளவு தூரம் விலகி நின்றார் என்று அளந்து, அந்தத் தூரங்களை ஒப்பிடுங்கள்.

தூரத்தை எப்படி அளப்பது?

விருதுகள் ஒரு வழி. அந்தக் காலத்தில் கண்ணால் பார்த்தவர்கள் போட்ட ஓட்டு அது. இறுதிச் சுற்றின் தலைசிறந்த ஆட்டக்காரர் விருதை மூன்று முறை வாங்கியவர் வரலாற்றிலேயே அல்சிண்டர் ஒருவர்தான். பில் வால்டன் இரண்டு முறை வாங்கினார், அதோடு 1972 முதல் 1974 வரை மூன்று ஆண்டும், ஆண்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான நெய்ஸ்மித் விருது.

ஆனால் எனக்கு விருதைவிட நம்பிக்கை தரும் சாட்சி ஒன்று உண்டு: விதிப்புத்தகம். ஓர் ஆட்டக்காரரைத் தடுக்க எதிரணியால் முடியாதபோது, விதி எழுதுகிறவர்கள் பேனாவை எடுப்பார்கள். கூடைப்பந்தில் இது மறுபடி மறுபடி நடந்திருக்கிறது. 1940களில் ஜார்ஜ் மைக்கன், பாப் கர்லண்ட் என்ற இரண்டு நெட்டையர்கள் வளையத்தடியில் நின்று, அதற்குள் இறங்கி வரும் பந்துகளைத் தட்டிவிட்டார்கள். 1944-இல் அப்படித் தட்டக்கூடாது என்று விதி வந்தது. 1955, 1956 இரண்டு ஆண்டும் சான் பிரான்சிஸ்கோ பல்கலைக்கழகத்தை வெற்றியாளராக்கிய பில் ரசல் வளையத்தடியில் ஆட்சி செய்தார். வளையத்தின் கீழிருக்கும் தடைக்கட்டத்தில் தாக்கும் அணிக்காரர் மூன்று வினாடிக்கு மேல் நிற்க முடியாது. அந்தக் கட்டத்தின் அகலம் 6 அடியிலிருந்து 12 அடி ஆனது.

அல்சிண்டருக்கு வந்தது இன்னும் பெரிது. 1966–67, அவருடைய முதல் முதன்மைப் பருவம். அறிமுக ஆட்டத்தில் 56 புள்ளி. பிப்ரவரியில் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு எதிராக 61, யூசிஎல்ஏவில் இன்றைக்கும் முறியடிக்கப்படாத எண். பருவச் சராசரி 29.0, எறிந்ததில் 66.7 விழுக்காடு உள்ளே. அணி 30 ஆட்டத்தில் 30 வெற்றி. பருவம் முடிந்த கையோடு டங்க் செய்வதற்கே தடை போட்டுவிட்டார்கள். பந்தைக் கையோடு கொண்டுபோய் வளையத்துக்குள் திணிப்பதுதான் டங்க். சொன்ன காரணம் காயமும் வளையம் சேதமாவதும். ஊரே புரிந்துகொண்டது வேறு: அது அல்சிண்டர் விதி. தடை 1975–76 பருவம் வரை ஒன்பது பருவம் நீடித்தது.

இது ஆய்வாளர்களுக்குத் தானாக அமைந்த பரிசோதனை. ஒரே ஆள், ஒரே அணி, ஒரே பயிற்றுநர். நடுவில் அவருடைய பெரிய ஆயுதத்தைப் பிடுங்கிவிட்டார்கள். என்ன ஆனது? 1967–68-இல் 26.2 புள்ளி, 61.3 விழுக்காடு. 1968–69-இல் 24.0 புள்ளி, 63.5 விழுக்காடு. இறங்கத்தான் செய்தது. ஆனால் ஒரு விதியையே எழுதித் தடுத்த பிறகு எஞ்சியது இவ்வளவு! யூசிஎல்ஏ அந்த இரண்டு பட்டத்தையும் வென்றது. மூன்று பருவத்தில் 88 வெற்றி, 2 தோல்வி. டங்க் இல்லாத அந்த ஆண்டுகளில்தான் பக்கவாட்டில் திரும்பி ஒற்றைக் கையால் தலைக்கு மேலிருந்து விடும் ஸ்கைஹூக் கூர்மையானது. பிற்பாடு என்பிஏவில் இருபது வருடம் சோறு போட்டது அதுதான்.

அந்த இரண்டு தோல்வியில் ஒன்று மேலே சொன்ன 46–44. மற்றது, 52,693 பேர் பார்த்த அந்த ஹூஸ்டன் ஆட்டம். 1968 ஜனவரி 20, ஆஸ்ட்ரோடோம் அரங்கம், 71–69. ஹூஸ்டனின் எல்வின் ஹேய்ஸ் 39 புள்ளி எடுத்தார். அல்சிண்டர் 18 முறை எறிந்து 4-தான் போட்டார். இதை மட்டும் பார்த்தவர் ஹேய்ஸே பெரிய ஆள் என்று சத்தியம் செய்வார். ஆனால் அல்சிண்டர் கண்ணில் காயத்தோடு அதற்கு முந்தைய இரண்டு ஆட்டத்தை விட்டுவிட்டு நேராக இந்த ஆட்டத்துக்கு வந்திருந்தார். இரண்டே மாதத்தில், மார்ச்சில் அரையிறுதியில் அதே இரண்டு அணிகள் மறுபடி மோதின. யூசிஎல்ஏ 101, ஹூஸ்டன் 69. ஹேய்ஸுக்கு 10 புள்ளி. ஒற்றை ஆட்டத்தைச் சாட்சிக் கூண்டில் ஏற்றும்போது, அன்றைக்கு யாருக்கு உடம்பு எப்படி இருந்தது என்று கேட்டுவிட்டு ஏற்ற வேண்டும்.

அப்படிக் கேட்ட பிறகும் நிலைத்து நிற்கும் ஒற்றை ஆட்டம் ஒன்று உண்டு. 1973 இறுதி, எதிரி மெம்பிஸ் மாநிலப் பல்கலைக்கழகம். பாதி நேரத்தில் 39–39. வால்டனுக்கு ஏற்கெனவே மூன்று தவறுகள் விழுந்திருந்தன, ஐந்தானால் வெளியே. இரண்டாம் பாதியில் கிரெக் லீ பந்தை வளையத்துக்கு அருகே உயரத் தூக்கிப் போட, வால்டன் எம்பிப் பிடித்து இறங்குவதற்குள் மெதுவாக உள்ளே விட்டுக்கொண்டே இருந்தார். திணித்திருந்தால் செல்லாது, டங்க் தடை நடப்பில் இருந்த காலம் அது. இதைக் கவனித்துப் பார்த்தால் பிரமிப்பாக இருக்கும்: காற்றில் இருக்கும்போதே பந்தைப் பிடித்து, விரல் நுனியில் அதன் வேகத்தைக் கொன்று, வளையத்துக்கு மேல் கை தாண்டாமல் விட வேண்டும். 22 முறை எறிந்து 21 உள்ளே. 44 புள்ளி, 13 ரீபவுண்ட், 87–66. இறுதி ஆட்டத்தில் ஒருவர் ஆடிய ஆகச் சிறந்த ஆட்டம் எது என்று கேட்டால் எனக்கு யோசிக்கவே தேவையில்லை.

பட்டங்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம், ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அல்சிண்டரின் அணி 1967-இல் வென்றபோது தேசியப் போட்டியில் மொத்தம் 23 அணிகள். நான்கு ஆட்டம் வென்றால் கிண்ணம். எட் ஓபேனன் 1995 இறுதியில் 30 புள்ளி, 17 ரீபவுண்டோடு ஆர்கன்சாவை 89–78 என்று வீழ்த்தியபோது 64 அணிகள். ஆறு ஆட்டம் வெல்ல வேண்டும். நான்கைவிட ஆறில் சறுக்கிவிழ வாய்ப்பு அதிகம். அதோடு அன்று ஒரு லீக்கிலிருந்து பெரும்பாலும் ஓர் அணிக்குத்தான் இடம். எதிரிகளின் தரம் என்ற கேள்வியும் இருக்கிறது. அமெரிக்காவின் தெற்கில் பெரிய பல்கலைக்கழகங்கள் பல, கறுப்பின மாணவர்களை அணியில் சேர்க்காமலே காலத்தை ஓட்டின. தென்கிழக்கு லீக்கின் முதன்மை அணி ஒன்றில் முதல் கறுப்பின ஆட்டக்காரராக வாண்டர்பில்ட்டின் பெர்ரி வாலஸ் இறங்கியதே 1967–68-இல்தான், அதாவது அல்சிண்டரின் இரண்டாம் பருவத்தில். ஆடத் தகுதியுள்ள எத்தனையோ பேர் திடலுக்கே வர முடியாத காலம். இதை வைத்துப் பழைய ஆட்டக்காரர்களின் எண்ணைக் கொஞ்சம் கழித்துத்தான் பார்க்க வேண்டும் என்பவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. எவ்வளவு கழிப்பது என்பதில்தான் சண்டை.

நான் கழித்த பிறகும் அல்சிண்டர் முதலிடத்திலிருந்து நகரவில்லை. தேசியப் போட்டியில் 12 ஆட்டம், 12 வெற்றி, மூன்று கிண்ணம், ஒரு விதி மாற்றம். வால்டன் இரண்டாவது. சராசரி 20.3 புள்ளிதான், அல்சிண்டரைவிட ஆறு குறைவு. ஆனால் ரீபவுண்ட் 15.7, அல்சிண்டரைவிட ஒரு மயிரிழை கூட. 1971-இல் தொடங்கி 1974 ஜனவரியில் நோட்ர டேம் 71–70 என்று முடித்துவைக்கும் வரை நீண்ட 88 ஆட்டத் தொடர் வெற்றியின் நடுத்தூண் அவர். சக ஆட்டக்காரருக்குப் பந்து கொடுப்பதில் வால்டனே மேல் என்று வாதாடுகிறவர்களோடு நான் சண்டைக்குப் போக மாட்டேன். கூடை விழும்படி பந்து கொடுத்ததை எண்ணும் அசிஸ்ட் கணக்கும் அந்தக் காலத்தில் தேசிய அளவில் ஒழுங்காக இல்லை.

மூன்றாம் இடத்துக்கு இருபது வயதுப் பையன்கள் மெக்லீனைச் சொல்வார்கள். 2,608 புள்ளி சும்மா வராது, நான்கு வருடமும் தினமும் உழைத்தால்தான் வரும். ஆனால் அந்த நான்கு வருடத்தில் யூசிஎல்ஏ ஒருமுறைகூடக் கடைசி நான்குக்குள் வரவில்லை. 1992-இல் அதற்கு ஒரு படி முன்னால் இண்டியானாவிடம் 106–79 என்று நொறுங்கியது. 1965 இறுதியில் மிச்சிகனுக்கு எதிராக 42 புள்ளி எடுத்த கேய்ல் குட்ரிச்சைச் சொல்பவர்களும் உண்டு. வளையத்தடி நெட்டையரையும் வெளியே ஆடும் குட்டையான கார்டையும் ஒரே வரிசையில் நிறுத்துவது எனக்குச் சரிப்படாது, ஆனாலும் அவர் பெயரைத் தள்ளிவிட முடியாது.

என் ஓட்டு மார்க்கஸ் ஜான்சனுக்கு. 1973-இல் வந்தவர், ஆகவே முதலாண்டுத் தடை அவரைத் தொடவில்லை. நான்கு பருவம் முழுசாகக் கிடைத்தது. 1975-இல் வுடனின் கடைசிப் பட்டத்தில் பங்கு. வுடன் போன பிறகும் தேயவில்லை: 1976–77-இல் 21.4 புள்ளி, 11.1 ரீபவுண்ட். தன் பழைய பயிற்றுநரின் பெயரிலேயே சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கென்று புதிதாக ஏற்படுத்திய வுடன் விருதை அந்த ஆண்டு முதன்முதலில் வாங்கியவரும் அவர்தான். டங்க் தடை நீங்கியதும் அதே பருவத்தில். மூன்று வருடம் அடக்கி வைத்திருந்ததை எல்லாம் ஜான்சன் அந்த ஒரு பருவத்தில் வளையத்தில் கொட்டித் தீர்த்தார்.